கணக்குக் கேட்டவர்கள்: யெகோவாவின் சாட்சிகளும் 1975-ம் ஆண்டும்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் காட்ஸ்டன் என்று ஓர் ஊர். 1981-ன் கடைசி மாதங்களில் அங்கிருந்த யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவ அமைப்பின் சபை மூப்பர்கள் ஒரு விசாரணை நடத்தினார்கள். விசாரிக்கப்பட்டவருக்கு வயது 59. தனக்கு வேலையும் தங்க இடமும் கொடுத்த மனிதரோடு ஓர் உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார் என்பதுதான் குற்றச்சாட்டு. அந்த மனிதர் அதே ஆண்டின் தொடக்கத்தில் சபையைவிட்டுத் தானாக விலகியிருந்தார். தானாக விலகியவர்களையும் சபையிலிருந்து நீக்கி ஒதுக்கப்பட்டவர்களைப் போலவே நடத்த வேண்டும் என்று அமைப்பின் இதழான காவற்கோபுரம் 1981 செப்டம்பர் 15-ல் எழுதியது. அதன் பிறகு ஒரு வேளைச் சாப்பாடே போதுமான காரணம் ஆகிவிட்டது. ஆண்டு முடிவதற்குள் அவரை நீக்கிவிட்டார்கள்.

சாப்பிட்டவர் பெயர் ரேமண்ட் ஃப்ரான்ஸ். 1971 முதல் 1980 மே மாதம் வரை அந்த அமைப்பின் ஆளும் குழுவில் இருந்தவர். உலகம் முழுக்க இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட சாட்சிகள் எதை நம்ப வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்று முடிவெடுத்த சிறு குழு அது. விசாரணை நடந்த நாளில் அமைப்பின் தலைவராக இருந்த ஃப்ரெடெரிக் ஃப்ரான்ஸ், இவருடைய தந்தையின் உடன்பிறந்தவர்.

சாப்பாட்டுக்காக யாரும் இப்படி ஒருவரை வெளியேற்ற மாட்டார்கள். அதற்குப் பின்னால் வேறொரு விஷயம் இருந்தது. உலக முடிவுக்கு இந்த அமைப்பு குறித்துக் கொடுத்த ஆண்டுகள், அவை வந்து போன விதம், அந்தக் கணக்கை உள்ளே இருந்தவர்களே எடுத்துப் பார்த்தபோது கண்டது. இதை விரிவாக எழுத ஒரு காரணம் உண்டு. "தேதி சொன்னார்கள், பொய்த்தது" என்று ஒரே வரியில் இதைக் கடந்துவிடுகிறவர்கள்தான் அதிகம். தேதி பொய்த்த பிறகு பொறுப்பு யார் தலையில் விழுந்தது என்பதுதான் என் மனதை உறுத்துகிற பகுதி.

1914 முதலில் எதற்காக இருந்தது

இன்றைய சாட்சிகளிடம் 1914 என்றால் என்ன என்று கேட்டால், இயேசு பரலோகத்தில் கண்ணுக்குத் தெரியாமல் ராஜாவாக ஆட்சியைத் தொடங்கிய ஆண்டு, கடைசி நாட்கள் ஆரம்பித்த ஆண்டு என்பார்கள். 1914-க்கு முன்னால் அந்த ஆண்டைப் பற்றி எழுதியது இதுவல்ல.

பென்சில்வேனியாவின் பிட்ஸ்பர்க் பக்கம் பிறந்த சார்ல்ஸ் டேஸ் ரசல்தான் இந்த இயக்கத்தைத் தொடங்கியவர். 1876-ல் நெல்சன் பார்பர் என்ற போதகரைச் சந்தித்தார். கிறிஸ்துவின் இரண்டாம் வருகையை எதிர்பார்த்திருந்த அட்வெண்ட் இயக்கத்தின் பின்னணி கொண்டவர் அவர். பார்பர் 1874-ல் கிறிஸ்து திரும்பி வருவார் என்று எதிர்பார்த்தவர். 1874 வந்தது, ஒன்றும் கண்ணில் படவில்லை. அப்போது அவருடைய வட்டத்தில் ஒருவர், கிரேக்க மூலத்தில் 'வருகை' என்று மொழிபெயர்க்கப்பட்ட சொல்லை 'பிரசன்னம்' என்றும் கொள்ளலாம் என்று கண்டார். அப்படியானால் கிறிஸ்து 1874-ல் வந்துவிட்டார், கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறார் என்று முடிவானது. ரசல் இதை ஏற்றுக்கொண்டார். 1879 ஜூலையில் அவர் தொடங்கிய இதழ்தான் பின்னாளில் காவற்கோபுரம் ஆனது.

1914 என்ற ஆண்டும் பார்பரின் கணக்கிலிருந்து வந்ததுதான். தானியேல் புத்தகம் நான்காம் அதிகாரத்தில் நேபுகாத்நேச்சார் ஒரு கனவு காண்கிறார். ஒரு பெரிய மரம் வெட்டப்படுகிறது, அதன் அடிமரத்தின்மேல் 'ஏழு காலங்கள்' கடந்து போக வேண்டும். வெளிப்படுத்தின விசேஷத்தில் மூன்றரைக் காலம் என்பது 1,260 நாள். அப்படியானால் ஏழு காலம் 2,520 நாள். வேறு இரண்டு வசனங்களை வைத்து ஒரு நாளுக்கு ஓர் ஆண்டு என்று எடுத்தால் 2,520 ஆண்டு. இதையே புறஜாதியாரின் காலம் என்றார்கள். எருசலேம் பாபிலோனியரால் அழிந்த ஆண்டிலிருந்து அதை எண்ணினார்கள். அழிவு கி.மு. 606 என்று கொண்டார்கள். 606-ம் 1914-ம் சேர்ந்தால் 2,520.

அந்த ஆண்டில் என்ன நடக்கும் என்று ரசல் எழுதினார்? 1889-ல் வந்த அவருடைய நூலில், சர்வவல்லமையுள்ள தேவனின் மகா நாளின் யுத்தம் 1914-ல் முடியும், பூமியின் இப்போதைய ஆட்சிகள் முழுதாகக் கவிழ்ந்துவிடும் என்று இருக்கிறது. அதாவது 1914 முடிவு. தொடக்கம் அல்ல. எகிப்தின் பெரிய பிரமிடின் உட்புற வழிகளை அங்குல அங்குலமாக அளந்து, ஓர் அங்குலத்துக்கு ஓர் ஆண்டு என்று வைத்து, அதிலும் இந்தக் கணக்குக்குச் சாட்சி தேடினார் ரசல். பழைய பதிப்பில் 3,416 அங்குலம் என்றிருந்த அதே வழி, பிந்தைய பதிப்பில் 3,457 அங்குலம் ஆகியிருக்கிறது. முதல் அளவு 1874-ஐக் காட்டியது, இரண்டாவது 1915-ஐ. பிரமிடில் ஒரு கல்லும் நகரவில்லை.

1914 ஜூலை கடைசியில் போர் வெடித்தது. எதிர்பார்த்தவர்களுக்கு உடல் சிலிர்த்திருக்கும், அதைப் புரிந்துகொள்ள முடிகிறது. அந்த செப்டம்பர் கடைசியில் சரடோகா ஸ்பிரிங்ஸில் நடந்த கூட்டத்தில் ரசலோடு பணிபுரிந்த ஏ. எச். மேக்மில்லன், இது அநேகமாக நான் பேசும் கடைசிப் பொதுச் சொற்பொழிவு, சீக்கிரம் நாம் வீட்டுக்குப் போகப் போகிறோம் என்று சொன்னார். வீடு என்றால் பரலோகம். அக்டோபர் 2-ம் தேதி காலை புரூக்ளின் தலைமையகத்தின் சாப்பாட்டு அறைக்குள் வந்த ரசல், புறஜாதியாரின் காலம் முடிந்தது, அவர்களுடைய ராஜாக்களின் நாள் போயிற்று என்று அறிவித்தார். அப்புறம் வந்த ஞாயிற்றுக்கிழமையே மேக்மில்லன் மறுபடி மேடை ஏற வேண்டியிருந்தது.

ராஜாக்கள் சிலர் போனார்கள்தான். ஆனால் பூமியின் ஆட்சிகள் கவிழவில்லை, பரிசுத்தவான்கள் எடுத்துக்கொள்ளப்படவில்லை. 1889 நூலின் பின்வந்த பதிப்பில் '1914' இருந்த இடத்தில் '1915' அச்சானது. ரசல் 1916 அக்டோபர் 31-ம் தேதி டெக்சாஸில் ரயிலில் பயணம் செய்துகொண்டிருந்தபோது இறந்தார். அவர் இறக்கும்வரை கிறிஸ்துவின் பிரசன்னம் 1874-ல் தொடங்கியதாகவே நம்பினார். அது 1914-க்கு மாறியது பல ஆண்டுகள் கழித்துத்தான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கி.மு. 1-க்கு அடுத்தது கி.பி. 1, நடுவில் பூஜ்ய ஆண்டு கிடையாது. அதனால் 606-ஐயும் 1914-ஐயும் கூட்டினால் ஓர் ஆண்டு குறையும். இந்தப் பிழையை 1940-களில் சரிசெய்தார்கள். எப்படி? முடிவு ஆண்டை 1915-க்கு நகர்த்தவில்லை. எருசலேம் அழிந்த ஆண்டை 606-லிருந்து 607-க்கு நகர்த்தினார்கள். கணக்கில் விடை முதலில் தீர்மானமாகி, கொடுக்கப்பட்ட எண் பிறகு மாறினால் அதைக் கணக்கு என்று சொல்ல முடியாது.

நடுவில் 1925

ரசலுக்குப் பிறகு வந்த ஜோசப் ரதர்ஃபோர்ட் வழக்கறிஞர். இன்று உயிரோடிருக்கும் லட்சக்கணக்கானோர் ஒருபோதும் சாக மாட்டார்கள் என்ற தலைப்பில் பேசினார், 1920-ல் அதையே சிறுநூலாகவும் வெளியிட்டார். 1925-ல் ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு ஆகியோர் உயிர்த்தெழுந்து பூமிக்குத் திரும்புவார்கள் என்று உறுதியாக எதிர்பார்க்கலாம் என்று அதில் எழுதியிருந்தார்.

யாரும் வரவில்லை. இயேசுவின் மரணத்தை நினைவுகூர ஆண்டுதோறும் நடக்கும் நினைவு ஆசரிப்புக்கு 1925-ல் வந்தவர்கள் 90,434 பேர், 1928-ல் 17,380 பேர். எண்ணிய முறையில் வித்தியாசம் இருந்திருக்கலாம் என்றாலும் சரிவு பெரியது. 1929-ல் கலிபோர்னியாவின் சான் டியேகோவில் 'பெத் சாரிம்' என்று ஒரு மாளிகை கட்டப்பட்டது, தாவீது போன்ற முற்கால பக்தர்கள் எழுந்து வந்தால் தங்குவதற்காக. பத்திரத்திலேயே அப்படி எழுதினார்கள். அவர்கள் வரும்வரை ரதர்ஃபோர்ட் அதில் குடியிருந்தார். 1942 ஜனவரியில் அங்கேயே இறந்தார். 1948-ல் வீடு விற்கப்பட்டது.

தன்னுடைய 1925 பேச்சுகளைப் பற்றி, தன்னைத்தானே கழுதையாக்கிக்கொண்டதாக ரதர்ஃபோர்ட் தலைமையகத்தில் இருந்தவர்களிடம் ஒருமுறை ஒப்புக்கொண்டார். இது எதிரிகள் கட்டிய கதை அல்ல, 1984-ல் காவற்கோபுரமே அச்சிட்டது. நான்கு சுவருக்குள் சொன்ன அந்த வார்த்தையை 1926-லேயே சபைகளில் வாசித்திருந்தால், 1975 நடந்திருக்குமா என்று அடிக்கடி யோசித்திருக்கிறேன்.

வீட்டை விற்றவர்கள்

1966 கோடையில் நடந்த மாநாடுகளில் ஒரு புதிய நூல் வெளியிடப்பட்டது. எழுதியவர் ஃப்ரெடெரிக் ஃப்ரான்ஸ் என்பது உள்ளே எல்லோருக்கும் தெரியும். ஆதாம் படைக்கப்பட்டது கி.மு. 4026, அதிலிருந்து ஆறாயிரம் ஆண்டு 1975 இலையுதிர் காலத்தில் முடிகிறது என்று அதில் அட்டவணை இருந்தது. ஏழாவது ஆயிரம் ஆண்டு கிறிஸ்துவின் ஆட்சியோடு இணைந்து போனால் எவ்வளவு பொருத்தமாக இருக்கும் என்றும் எழுதியிருந்தது.

நேர்மையாகச் சொல்ல வேண்டும்: '1975-ல் அர்மகெதோன் (உலக முடிவின் கடைசி யுத்தம்) வரும்' என்று ஒரு வரி நேரடியாக எங்கும் அச்சாகவில்லை. 'வரலாம்', 'நாங்கள் சொல்லவில்லை', 'அந்த நாளையும் நாழிகையையும் ஒருவனும் அறியான்' என்ற பாதுகாப்பு வார்த்தைகள் எப்போதும் கூடவே இருந்தன. அமைப்பின் சார்பில் இன்று பேசுகிறவர்கள் அந்த வரிகளைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். ஆனால் ஒரு சாட்சியின் காதில் அந்தப் பத்தாண்டு எப்படி விழுந்தது என்று பாருங்கள்.

1968 ஆகஸ்ட் 15 காவற்கோபுரத்தில் ஒரு கட்டுரையின் தலைப்பே 1975-ஐ ஏன் எதிர்நோக்குகிறீர்கள் என்ற கேள்வி. படைப்பின் ஆறாம் நாள் ஏவாளோடுதான் முடிகிறது, ஆதாமுக்கும் ஏவாளுக்கும் இடையில் எவ்வளவு காலம் என்பது தெரியாதே, அதனால் கணக்குத் தள்ளிப் போகாதா என்று யாராவது கேட்டால், அந்த வித்தியாசம் வாரங்களோ மாதங்களோதான், ஆண்டுகள் அல்ல என்று அந்த இதழ் பதில் வைத்திருந்தது. அமைப்பின் இன்னொரு இதழான விழித்தெழு! 1969 மே மாதம் இளைஞர்களுக்கு எழுதியது: இந்த உலகத்தில் நீங்கள் முதுமை அடையப் போவதில்லை, கல்லூரிப் படிப்பு முடிய நான்கிலிருந்து எட்டு வருடம் ஆகும், அப்போது இந்த உலகம் எங்கே இருக்கும்? அமெரிக்கச் சபைகளில் '75 வரை உயிரோடு இரு' என்று எதுகையோடு ஒரு வாசகம் வாய்க்கு வாய் போனது.

அப்புறம் 1974 மே மாத ராஜ்ய ஊழியம். இது பொதுமக்களுக்கான இதழ் அல்ல, சபை உறுப்பினர்களுக்கு மட்டும் வரும் மாதத் தாள். சகோதரர்கள் சிலர் வீட்டையும் சொத்தையும் விற்றுவிட்டு, இந்தப் பழைய உலகத்தில் மிச்சமிருக்கும் நாட்களை முழுநேரப் பிரசங்கமான பயனியர் ஊழியத்தில் கழிக்கத் திட்டமிடுவதாகக் கேள்விப்படுகிறோம், பொல்லாத உலகத்தின் முடிவுக்கு முன்னால் இருக்கும் கொஞ்ச காலத்தைச் செலவிட இது நிச்சயமாகவே நல்ல வழி என்று அதில் இருந்தது.

நான் இந்த வரியில் பலமுறை நின்றிருக்கிறேன். வீட்டை விற்பது என்றால் என்ன என்று நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. ஒரு குடும்பத்தின் உழைப்பு, பிள்ளைகளுக்கு விட்டுப் போகக்கூடிய ஒன்று, முதுமையில் தலைக்குமேல் இருக்கிற கூரை. அதை விற்றவர்களைப் பாராட்டித் தலைமையகம் எழுதுகிறது. படிப்பை விட்டவர்கள், குழந்தை பெறுவதைத் தள்ளிப் போட்டவர்கள், சிகிச்சையைப் புதிய உலகத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்கள் பற்றி முன்னாள் உறுப்பினர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். அவர்களில் யாரும் முட்டாள்கள் அல்ல. தாங்கள் மிகவும் நம்பியவர்கள் எழுதியதை எழுதியபடியே எடுத்துக்கொண்டார்கள்.

எண்ணிக்கை பெருகியது. 1966-க்கும் 1975-க்கும் இடையில் சாட்சிகளின் தொகை கிட்டத்தட்ட இரட்டிப்பானது. 1974-ல் மட்டும் ஞானஸ்நானம் எடுத்தவர்கள் ஏறத்தாழ 2,97,000 பேர். 1978-ல் அது ஒரு லட்சத்துக்கும் கீழே வந்தது. 1977, 1978 இரண்டு ஆண்டும் உலக அளவில் ஊழியம் செய்வோர் தொகையே குறைந்தது. அதுவரை வளர்ச்சியையே கடவுளின் ஆசீர்வாதத்துக்கு அடையாளம் என்று சொல்லி வந்த அமைப்புக்கு அது பேசாமல் கடந்துபோக முடியாத விஷயம்.

இலையுதிர் காலம் வந்தது, போனது. 1976 ஜூலை 15 காவற்கோபுரம் பதில் சொன்னது. யாராவது ஏமாற்றம் அடைந்திருந்தால், தவறியது தேவனுடைய வார்த்தை அல்ல, அவர்களுடைய சொந்தப் புரிதல்தான் தவறான அடிப்படையில் இருந்தது, தங்கள் பார்வையை அவர்கள் திருத்திக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். ஏவாள் படைக்கப்பட்ட நேரம் தெரியாது என்பதும் விளக்கமாக வந்தது. எட்டு வருடம் முன்னால் வாரங்களும் மாதங்களுமாக இருந்த அதே இடைவெளி.

இதுதான் பலருக்கு விழுந்த இரண்டாவது அடி. தேதி பொய்த்ததை அவர்கள் தாங்கிக்கொண்டிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். மனிதர்கள் தவறு செய்வார்கள் என்பது விசுவாசிக்குத் தெரியாததல்ல. எழுதியவர்கள் கையைக் கழுவிக்கொண்டு, வாசித்தவர்களிடம் நீங்கள்தான் அதிகமாக எதிர்பார்த்துவிட்டீர்கள் என்று சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. 1980 மார்ச் 15 இதழில்தான், அந்த எதிர்பார்ப்பு வளரக் காரணமான தகவல்களை வெளியிட்டவர்களும் ஏமாற்றம் அடைந்தோரில் அடக்கம் என்ற ஒப்புதல் வந்தது. மன்னிப்பு என்று அதைச் சொல்ல முடியாது, ஆனாலும் அதற்கே நான்கு வருடத்துக்கு மேல் ஆனது.

ஸ்வீடனில் ஒரு கேள்வி

1975 ஒருபக்கம் பொய்த்துக்கொண்டிருந்தபோது, அதைவிட ஆழமான இடத்தில் ஒருவர் தோண்டிக்கொண்டிருந்தார். ஸ்வீடனைச் சேர்ந்த கார்ல் ஊலோஃப் யான்சன். சபையில் மூப்பர், ஊழியத்தில் முழு மனதோடு இருந்தவர். 1968-ல் அவரிடம் வேதாகமம் படித்துக்கொண்டிருந்த ஒருவர் எளிமையாக ஒரு கேள்வி கேட்டார்: எருசலேம் அழிந்தது கி.மு. 607 என்கிறீர்கள், சரித்திர ஆசிரியர்கள் எல்லோரும் 587 அல்லது 586 என்கிறார்களே, உங்கள் ஆதாரம் என்ன?

பதில் சொல்வதற்காகத்தான் யான்சன் தேட ஆரம்பித்தார். குறை கண்டுபிடிக்க அல்ல, அமைப்பைக் காப்பாற்ற. பல வருடம் தேடினார். பாபிலோனிய அரசர்களின் ஆட்சி ஆண்டுகளைச் சொல்லும் பட்டியல்கள், ஆட்சி ஆண்டுவாரியாகத் தேதியிட்ட ஆயிரக்கணக்கான வியாபாரக் களிமண் பலகைகள், கோயில் கணக்குகள், எல்லாம் ஒன்றையொன்று தாங்கி நின்றன. இருபது ஆண்டைச் செருக எங்கும் இடமில்லை. பெர்லின் அருங்காட்சியகத்தில் இருக்கும் வேட் 4956 என்ற களிமண் பலகை நேபுகாத்நேச்சாரின் 37-ம் ஆட்சி ஆண்டில் சந்திரனும் கிரகங்களும் வானத்தில் எங்கெங்கே நின்றன என்று நாள்வாரியாகக் குறித்திருக்கிறது. அந்த நிலைகள் கி.மு. 568-67-ஐக் காட்டுகின்றன. 37-ம் ஆண்டு அதுவென்றால், எருசலேம் விழுந்த 18 அல்லது 19-ம் ஆண்டு 587-86-ல்தான் வரும்.

யான்சனின் வாதத்தில் என்னை மிகவும் கவர்ந்தது வேறொன்று. சாட்சிகளின் கணக்கு கி.மு. 539-ல் பாபிலோன் விழுந்ததிலிருந்து புறப்படுகிறது. 537-ல் யூதர்கள் ஊர் திரும்பினார்கள், அதற்கு முன் எழுபது ஆண்டு தேசம் பாழாய்க் கிடந்தது, ஆகவே 607. அந்த 539 எங்கிருந்து வந்தது? வேதாகமத்தில் கி.மு. எண்கள் கிடையாது. அதுவும் அதே பாபிலோனியப் பதிவுகளிலிருந்துதான் வந்தது. ஒரு கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை ஏற்றுக்கொண்டு, அதன் முதல் பக்கங்களைப் பொய் என்று தள்ளினால் எப்படி? எரேமியா சொன்ன எழுபது ஆண்டு, ஜாதிகள் பாபிலோன் ராஜாவுக்குக் கீழ்ப்பட்டிருக்கும் காலம் என்று படித்தால் வேதாகமத்துக்கும் பலகைகளுக்கும் சண்டையே இல்லை என்பதையும் அவர் காட்டினார்.

1977-ல் தன் ஆய்வை புரூக்ளினுக்கு அனுப்பினார். வெளியில் யாரிடமும் கொடுக்கவில்லை, முறைப்படி மேலே அனுப்பினார். பொறுத்திருங்கள், இதை யாரோடும் பகிராதீர்கள் என்பதே அவருக்குக் கிடைத்த அறிவுரை. ஆதாரத்துக்குப் பதில் வரவில்லை. 1982-ல் அவர் சபைநீக்கம் செய்யப்பட்டார். அடுத்த ஆண்டு அந்த ஆய்வு நூலாக வந்தது. 2011-ல் காவற்கோபுரம் இரண்டு கட்டுரைகளில் 607-க்கு ஆதரவாக வாதாடியது, வேட் 4956-ன் சந்திர நிலைகள் இருபது ஆண்டு முந்தைய தேதிக்குப் பொருந்துவதாகவும் சொன்னது. அந்தக் கட்டுரைகளை 1977-ல் அந்த மனிதருக்குக் கடிதமாக அனுப்பி, திறந்த மனதோடு விவாதித்திருக்கலாம்.

புரூக்ளினில் நடந்தது

ரேமண்ட் ஃப்ரான்ஸும் இதே சுவரில்தான் மோதினார். யான்சனுக்கு முன்பே. அமைப்புக்காக ஒரு பெரிய வேதாகமக் கலைக்களஞ்சியம் தயாரித்த குழுவில் அவர் இருந்தார். 'காலவரிசை' என்ற கட்டுரை அவர் பங்கு. 607-க்கு ஆதாரம் தேடி அவரும் உதவியாளரும் நியூயார்க் நூலகங்களை அலசினார்கள். ஒன்றுகூடக் கிடைக்கவில்லை, எல்லாம் இருபது ஆண்டு தள்ளி நின்றன. அப்படியிருந்தும் அந்தக் கட்டுரையில் பாபிலோனிய ஆதாரங்களின் பலத்தைக் குறைத்துக்காட்டித் தான் எழுதியதாக அவரே பின்னால் ஒப்புக்கொண்டார். தன்னையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திப் பேசியதால்தான் அவருடைய சாட்சியத்துக்கு எடை கூடுகிறது என்று நான் நினைக்கிறேன்.

1971-ல் ஆளும் குழுவுக்குள் போன பிறகு அவர் பார்த்ததை 1983-ல் வெளியான 'மனச்சாட்சியின் நெருக்கடி' என்ற பொருள்படும் நூலில் எழுதினார். முடிவுகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும், ஒரு வாக்கு குறைந்தாலும் பழைய விதியே நிற்கும், அந்த விதியால் ஒரு குடும்பம் பிரிந்தாலும் சரி. 1975 பற்றி வெளிப்படையாகப் பேசலாமா என்ற விவாதம் வந்தபோது, எதிரிகளுக்கு ஆயுதம் கொடுப்பதாகிவிடும், பேசாமல் இருப்பதே நல்லது என்ற குரல்கள் எழுந்தன என்கிறார். 1980-ல் மூன்று உறுப்பினர்கள், ஒழிந்துபோவதற்குள் முடிவு வரும் என்று அமைப்பு சொன்ன 'இந்தச் சந்ததி' என்பதை 1914-லிருந்து அல்ல, ஸ்புட்னிக் பறந்த 1957-லிருந்து எண்ணலாம் என்று ஒரு யோசனையை எழுத்தில் வைத்தார்கள் என்பதும் அந்த நூலில் இருக்கிறது. குழு அதை ஏற்கவில்லை. ஆனால் பாருங்கள், 1914-ஐ நகர்த்தலாம் என்று அந்த அறைக்குள் பேச முடிந்தது. அதே வசந்த காலத்தில், அறைக்கு வெளியே 1914-ஐச் சந்தேகித்தவர்களை விசாரித்து நீக்கிக்கொண்டிருந்தார்கள்.

அப்படி நீக்கப்பட்டவர்களில் ஒருவர் மிஷனரிப் பள்ளியின் பதிவாளராக இருந்தவர், அமைப்பின் நூல்கள் பலவற்றில் உழைத்தவர். எழுபதை நெருங்கும் வயதில், கையில் சேமிப்பென்று எதுவும் இல்லாமல் ஊர் திரும்பிச் சுவர்க் காகிதம் ஒட்டும் வேலைக்குப் போனார். கனடாவில் நான்காம் தலைமுறைச் சாட்சியான ஜேம்ஸ் பென்டன் என்ற சரித்திரப் பேராசிரியர் 1981-ல் நீக்கப்பட்டார். அவருக்காகப் பலர் கூடவே வெளியேறினார்கள்.

சபைநீக்கம் என்பதை நம் ஊர் வார்த்தையில் சொன்னால் ஊர்விலக்கு. வணக்கம்கூடச் சொல்லக் கூடாது என்பது 2024 வரை விதியாக இருந்தது. ஒரே வீட்டில் இல்லாத அம்மா அப்பாவும் பிள்ளையும்கூட அவசியம் இருந்தாலொழியப் பேசக் கூடாது. தண்ணீர், நெருப்பு, பேச்சு மூன்றையும் நிறுத்திய கிராமங்களைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, அந்தப் பயம் ஒரு மனிதனின் வாயை எப்படி அடைக்கும் என்று தெரியும். சந்தேகம் வந்த பிறகும் வாய் திறக்காமல் அவர்களுடைய கூட்ட அரங்கான ராஜ்ய மன்றத்தில் உட்கார்ந்திருப்பவர்களை நான் கோழைகள் என்று சொல்ல மாட்டேன். அவர்களுக்கு அம்மா இருக்கிறார்.

இங்கே ஒன்று சேர்த்தே சொல்ல வேண்டும். ஹிட்லரின் முகாம்களில் ஊதா முக்கோணம் அணிந்து, ஒரு கையெழுத்துப் போட்டால் விடுதலை என்ற நிலையிலும் மறுத்தவர்கள் இவர்கள். கேரளத்தில் தேசிய கீதம் பாடாததற்காகப் பள்ளியிலிருந்து அனுப்பப்பட்ட மூன்று சாட்சிப் பிள்ளைகளுக்காக 1986-ல் நம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மரியாதையாக எழுந்து நின்றார்கள், மனச்சாட்சி இடம் தராததால் பாடவில்லை, அதற்காக அவர்களை வெளியேற்றக் கூடாது என்றது. அந்தத் தீர்ப்பை நான் முழு மனதோடு ஏற்கிறேன். அரசாங்கத்திடம் மனச்சாட்சிக்கு இடம் கேட்டு வென்ற ஒரு சமூகம், தன் சொந்தச் சகோதரனின் மனச்சாட்சிக்கு ஏன் அந்த இடத்தைத் தரவில்லை என்பதுதான் என் வருத்தம்.

சந்ததி நீண்ட கதை

1975-க்குப் பிறகு ஆண்டு குறிக்கவில்லை. ஆனால் 1914-ஐப் பார்த்த சந்ததி ஒழிந்துபோவதற்கு முன்னே முடிவு வரும் என்பது இருந்தது. விழித்தெழு! இதழில் பல ஆண்டுகளாக, 1914-ன் சம்பவங்களைக் கண்ட சந்ததி கடந்துபோவதற்கு முன்னே அமைதியான புதிய உலகம் வரும் என்பது சிருஷ்டிகரின் வாக்குறுதி என்று அச்சடித்திருந்தார்கள். 'எங்கள் எதிர்பார்ப்பு' என்றல்ல, 'சிருஷ்டிகரின் வாக்குறுதி' என்று. 1995 நவம்பர் 8 இதழில் அந்த வரி காணாமல் போனது. சந்ததி என்றால் இத்தனை வருடம் என்று எண்ணக்கூடியது அல்ல என்று அந்த மாதம் காவற்கோபுரம் விளக்கியது. 2010-ல் இன்னொரு விளக்கம் வந்தது: 1914-ஐக் கண்டு புரிந்துகொண்ட அபிஷேகம்பண்ணப்பட்டவர்கள் (பரலோகத்துக்குப் போகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள்) ஒரு குழு, அவர்கள் உயிரோடிருக்கும்போது அபிஷேகம் பெற்றவர்கள் இன்னொரு குழு, ஒன்றின்மேல் ஒன்று கவிந்த இரண்டும் சேர்ந்து ஒரே சந்ததி.

மாற்றங்களுக்கு அமைப்பு எப்போதும் காட்டும் வசனம் நீதிமொழிகள் 4:18. நீதிமான்களின் பாதை நடுப்பகல்வரைக்கும் அதிகமதிகமாய்ப் பிரகாசிக்கும். விட்டு வந்தவர்கள் சொல்லும் பதில் எனக்குச் சரியாகவே படுகிறது: விடியும் வெளிச்சம் கூடிக்கொண்டே போகும், எரிந்து அணைந்து மறுபடி எரியாது. அவர்கள் எடுத்துக் காட்டுவது உபாகமம் 18:22, கர்த்தரின் பெயரால் சொன்னது நடக்காமல் போனால் அது கர்த்தர் சொன்னதல்ல. நாங்கள் தீர்க்கதரிசிகள் என்று சொல்லிக்கொண்டதில்லையே என்பார்கள் அமைப்பின் தரப்பில். 1972 ஏப்ரல் 1 காவற்கோபுரத்தில், தங்கள் மத்தியில் ஒரு தீர்க்கதரிசி இருந்தார் என்று ஜனங்கள் அறிவார்கள் என்ற எசேக்கியேலின் வார்த்தையை எடுத்து, அந்தத் தீர்க்கதரிசி ஒரு தனி மனிதர் அல்ல, ஒரு குழு என்று தங்களையே சுட்டி எழுதியிருக்கிறார்கள்.

ரேமண்ட் ஃப்ரான்ஸ் 2010 ஜூன் 2-ம் தேதி, 88 வயதில் இறந்தார். கவிந்த சந்ததியின் விளக்கம் ஏப்ரல் 15 இதழில் வந்து ஏழு வாரம் ஆகியிருந்தது. கடைசிவரை அவர் கடவுள் நம்பிக்கையை விடவில்லை, தனக்கென்று ஒரு சபையும் தொடங்கவில்லை.

2017-ல் சாட்சிகளின் மண்டல மாநாடுகளில் ஒரு காணொளி காட்டப்பட்டது. அதில் ஒருவர் 1975-ஐ நினைத்துப் பார்க்கிறார். அப்போது சிலர் ஒரு தேதியை முடிவின் அடையாளமாக எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒரு சிலர் வீட்டை விற்று வேலையை விடும் அளவுக்குக்கூடப் போனார்கள் என்கிறார். தனக்கு அது சரியாகப் படவில்லை என்றும் சொல்கிறார். அரங்கில் இருந்த வயதானவர்களில் அப்படி வீட்டை விற்றவர்களும் இருந்திருக்கலாம், பக்கத்து இருக்கையில் பேரப்பிள்ளைகளோடு. 1974 மே மாதம் தங்கள் கைக்கு வந்த தாளில், அது நல்ல வழி என்று படித்துவிட்டு விற்றவர்கள்.